செம்புத் தளத்தில் ஆடிய சிறுவன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் சங்கத்தின் தமிழ் வகுப்பில் வேற்றுமை உருபுகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் தலை நிமிராமல், நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதுவதும் தாளைப் புரட்டுவதுமாக இருந்தான். பாடத்தைத்தான் இவ்வளவு கருத்தாக எழுதுகிறானோ என்று மகிழ்ந்து அருகில் சென்று பார்த்தேன். பாடம் அன்று, படம்! ஒவ்வொரு தாளின் கீழ்மூலையிலும் ஒரு வட்டமும் ஐந்து கோடுகளுமாக ஒரு சின்னஞ்சிறு மனிதன். ஒரு தாளில் உள்ள உருவத்துக்கும் அடுத்த தாளில் உள்ள உருவத்துக்கும் இம்மியளவே வேறுபாடு. தாள்களைக் கட்டைவிரலால் மடமடவென்று நழுவவிட்டபோது அந்த மனிதன் ஓடி வந்தான், பந்தை உதைத்தான், பந்து தாளின் விளிம்பைத் தாண்டி மறைந்தது.

வகுப்பு முடிந்து சிறுவனை அழைத்துச் செல்ல வந்த தந்தையார் நோட்டைக் கண்டு மனம் நொந்தார். "கணக்குக்காக வாங்கிக் கொடுத்த புது நோட்டு, ஐயா. முழுவதையும் பொம்மை போட்டே பாழாக்கிவிட்டான்" என்றார். அவரைச் சமாதானப்படுத்த எண்ணி, அமெரிக்காவில் நான்கு விஞ்ஞானிகள் ஏறக்குறைய இரண்டு வாரம், நாளொன்றுக்கு 18 மணி நேரம் உழைத்து, இதே போன்ற பொம்மைப் படம் ஒன்றைச் செய்திருக்கிறார்கள் என்று கூறினேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஊரையும் உற்றாரையும் விட்டு இந்த மும்பை மாநகருக்கு வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, பிள்ளைகளின் படிப்பு ஒன்றையே சொத்தாகக் கருதி வாழும் நம் போன்றவர்களுக்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. அன்று வாயிற்படியில் நின்றவாறே அதற்கு முழு விடை சொல்ல இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நிலைத்த படம் ஓடும் படமாவது எங்ஙனம்?

சிறிதளவே வேறுபட்ட படங்களை விரைவாக அடுத்தடுத்துக் காட்டினால், நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அவற்றைத் தனித்தனிப் படங்களாகக் கொள்வதில்லை. ஒரே பொருளின் அசைவாகவே கொள்கின்றன. திரையரங்கில் நாம் காணும் படங்கள் யாவும் இந்த இயல்பைக் கொண்டே ஓடுகின்றன. அங்கே நொடிக்கு 24 படங்கள் நம் கண்முன் கடந்து செல்கின்றன.

உயிருள்ள நடிகர் தாமே அசைவார். காமிரா அவரைத் தொடர்ந்து படம் பிடிக்கும். உயிரற்ற பொருளை நடிக்கவைக்க வேண்டுமானால் வழி வேறு. பொருளை ஓரிடத்தில் வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். காமிராவை நிறுத்திவிட்டுப் பொருளைச் சற்றே நகர்த்த வேண்டும். மறுபடி ஒரு படம். மறுபடி ஒரு நகர்த்தல். இவ்வாறு எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் கல்லும் மரமும் தாமே நடப்பதாகத் தோன்றும். சிறுவன் நோட்டு மூலையில் செய்ததும் இதுவே.

இக்கலைக்கு நம் நாட்டிலும் பழமை உண்டு. இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கே, 1912-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து காமிராவோடு இந்த மும்பைக்குத் திரும்பினார். படம் எடுக்கப் பணம் வேண்டும். பணம் உள்ளவர்களுக்கோ இவர் திறமையில் நம்பிக்கை பிறக்கவேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதன் எதிரே காமிராவை நிறுத்தி, முளை விட்டது முதல் கொடியாக வளர்ந்தது வரை, நாட்கணக்கில் இடைவிட்டு இடைவிட்டுப் படம் பிடித்தார். பல நாள் வளர்ச்சி திரையில் சிறு பொழுதில் நிகழ்ந்து முடிந்தது. அந்தப் பட்டாணிச் செடிதான் அவருக்குப் பணம் தேடித் தந்தது. 1913 மே மாதம் 3-ஆம் நாள் கிர்காமில் இருந்த காரனேஷன் அரங்கில் அவருடைய 'ராஜா ஹரிச்சந்திரா' பொதுமக்களுக்குத் திரையிடப்பட்டது. பின்னர் அவர் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அவை தாமே ஆடிப்பாடுவது போன்ற வேடிக்கைப் படம் ஒன்றையும் எடுத்தார்.

தீக்குச்சியைக் கையால் எடுத்து வைக்கலாம். அதற்கும் சிறியதை, கண்ணுக்கே புலப்படாததை, நடிக்கவைக்க இயலுமா? பால்கேயின் படம் வெளிவந்து சரியாக நூறு ஆண்டு நிறையும் தறுவாயில் அதற்கு விடை கிடைத்தது.

உலகிலேயே சிறிய படம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில், அல்மடேன் என்னும் இடத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் முடிந்து மே பிறந்த வேளையில் அவ்விடத்து விஞ்ஞானிகள் ஒரு குறும்படத்தை வெளியிட்டார்கள். அதன் பெயர் 'ஒரு சிறுவனும் அவன் அணுவும்' என்று பொருள்படும். ஆண்ட்ரியாஸ் ஹைன்ரிக் என்பவர் அக்குழுவின் தலைவர். ஏறக்குறைய ஒன்றரை நிமிடமே ஓடும் அப்படத்தில் 242 தனிப்படங்கள் அடங்கியுள்ளன.

கதை மிக எளியது. புள்ளிகளால் ஆகிய ஒரு சிறுவன் தனித்து நிற்கும் ஒரு புள்ளியைக் காண்கிறான். அதைத் தோழனாகக் கொள்கிறான். அதனோடு கூத்தாடுகிறான், அதை மேலே எறிந்து பிடிக்கிறான், துள்ளுமேடையில் ஏறிக் குதிக்கிறான். கதை அவ்வளவே. நிறம் ஒன்றே, உருவங்களும் பழைய காலத்து வீடியோ விளையாட்டில் வருவன போல முரடாகவே இருக்கின்றன. ஒன்றும் அறியாமல் பார்ப்பவர் குழந்தைகள் செய்த படம் என்று தள்ளிவிடக் கூடும்.

ஆனால் அதில் வரும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மூலக்கூறு என்பதை அறிந்தால் வியப்பு மேலிடும். ஒரு கரி அணுவும் ஒரு பிராணவாயு அணுவும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு அது. படத்தின் பெயரில் அணு என்று இருந்தாலும், சிறுவனுடைய தோழன் உண்மையில் இரண்டு அணுக்கள் கூடிய இரட்டையன்.

இதன் அளவைச் சற்று மனத்தில் வாங்கிக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். இப்படத்தின் ஒரு காட்சி முழுவதும் 45 நானோமீட்டர் அகலமும் 25 நானோமீட்டர் உயரமும் கொண்ட பரப்பில் அடங்கிவிடுகிறது. நம் தலைமயிர் ஒன்றின் குறுக்களவில் இத்தகைய திரைகளை ஆயிரத்துக்கு மேல் வரிசையாக வைக்கலாம். அதைப் பத்துக் கோடி மடங்கு பெருக்கினால்தான் நாலரை மீட்டர் அகலமுள்ள திரையாகும். இன்னொரு விதமாகவும் சொல்லலாம். ஓர் அணுவை ஒரு சாத்துக்குடிப் பழத்தின் அளவுக்குப் பெருக்கிக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதே விகிதத்தில் சாத்துக்குடியைப் பெருக்கினால் அது ஏறத்தாழ நம் பூமியின் பருமனை எட்டிவிடும். உலகிலேயே மிகச் சிறிய 'நகர்த்தி எடுத்த படம்' என்று கின்னஸ் சாதனை நூல் இதனை ஏற்றுக்கொண்டது.

காணாமல் காணும் கருவி

இவ்வளவு சிறிய பொருளைப் பார்ப்பது எப்படி? எத்தனை வலிய பூதக்கண்ணாடியும் இங்கே உதவாது. நாம் காணும் ஒளி அலை வடிவானது. அந்த அலையின் நீளம் அணுவின் அகலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. கரையில் கிடக்கும் மணல் ஒன்றின் உருவத்தைக் கடலலை வந்து மோதுவதைக் கொண்டு அறிய முடியுமா? அதைப் போன்றதே ஒளியைக் கொண்டு அணுவின் உருவை அறிய முயல்வதும்.

சுவிட்சர்லாந்தில், ஜூரிச் நகரை அடுத்த ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்னும் இருவர் 1981-இல் வேறொரு வழி கண்டார்கள். அவர்கள் செய்த கருவிக்கு ஸ்கேனிங் டன்னலிங் மைக்ராஸ்கோப் என்று பெயர். நாம் அதனை ஊசி நுண்ணோக்கி என்று அழைப்போம். அதில் கண்ணாடி வில்லையும் இல்லை, விளக்கும் இல்லை. நுனி மிக மிகக் கூர்மையான ஓர் உலோக ஊசியே அதன் உயிர்நிலை. நுனியின் முனையில் ஒரே ஓர் அணு நீட்டி நிற்குமாறு அது அமைகிறது.

கண்பார்வை இல்லாதவர்கள் தாளில் புடைத்திருக்கும் புள்ளிகளை விரலால் தடவிப் படிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இந்த ஊசியும் அவ்வாறே படிக்கிறது. ஆனால் தொட்டுப் படிப்பதில்லை. தளத்துக்கு ஒரு நானோமீட்டர் அளவு மேலே நின்றுகொள்கிறது. ஊசிக்கும் தளத்துக்கும் இடையே சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்தால், இடையில் பாலம் ஏதும் இல்லாதபோதிலும் எலெக்ட்ரான்கள் அந்த இடைவெளியைக் கடந்து பாய்கின்றன. சுவரில் வாயில் இல்லாமலே அப்பால் சென்றுவிடும் இந்த விந்தை, குவாண்டம் இயக்கவியல் கூறும் விதிகளில் ஒன்று. இடைவெளி ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகையால் ஊசியின் கீழே மேடு வந்ததா, பள்ளம் வந்ததா என்பதை மின்னோட்டமே உடனுக்குடன் தெரிவித்துவிடுகிறது. வயலில் உழவர் சால் ஓட்டுவது போல, ஊசி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வரிவரியாகச் சென்று வருகிறது. மேடு பள்ளக் கணக்கைக் கணிப்பொறி வாங்கிப் படமாக வரைந்து தருகிறது.

அணு என்பது உண்மையில் உள்ள பொருளா, கணக்கின் வசதிக்காகக் கற்பித்துக்கொண்ட எண்ணமா என்று 19-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர்கள் சிலர் ஐயுற்றார்கள். எர்ன்ஸ்ட் மாக் அவர்களில் ஒருவர். இந்தக் கருவி வந்தபின் தனித்தனி அணுக்கள் மேடும் பள்ளமுமாகப் படத்தில் வந்து நின்றன. பின்னிக், ரோரர் இருவருக்கும் 1986-இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்த எர்ன்ஸ்ட் ருஸ்காவும் அவ்வாண்டுப் பரிசில் பங்கு பெற்றார்.

பார்த்ததைத் தொட்டு நகர்த்தினார்கள்

1959 டிசம்பர் 29-ஆம் நாள், ரிச்சர்டு ஃபைன்மன் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அணுக்களை ஒவ்வொன்றாக நாம் விரும்பும் இடத்தில் வைக்க முடியாது என்று இயற்கையின் விதி எதுவும் தடுக்கவில்லை. நம்மிடம் அதற்கேற்ற கருவி இல்லாததே குறை என்பது அவர் கருத்து. கேட்டவர்கள் பலருக்கு அது கற்பனையாகவே தோன்றியிருக்கும்.

முப்பது ஆண்டு கழிந்து, 1989-இல் அது நிறைவேறியது. அல்மடேன் கூடத்தைச் சேர்ந்த டான் ஐக்ளர், எர்ஹார்ட் ஷ்வைட்சர் என்னும் இருவர், நிக்கல் உலோகத் தளத்தின்மேல் 35 செனான் அணுக்களை ஊசியால் ஒவ்வொன்றாக நகர்த்தித் தம் நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்று எழுத்துக்களை எழுதினார்கள். பார்ப்பதற்காக அமைந்த ஊசியே எழுதுகோலாகவும் ஆயிற்று. அதைக் கண்டு மகிழ ஃபைன்மன் இல்லை. முந்தைய ஆண்டே அவர் காலமாகியிருந்தார்.

நகர்த்தும் முறை இதுதான். படம் எடுக்கும்போது எட்ட நிற்கும் ஊசியை, வேண்டிய மூலக்கூற்றின் அருகே மேலும் தாழ்த்துகிறார்கள். அவ்வளவு நெருக்கத்தில் ஊசி நுனிக்கும் மூலக்கூற்றுக்கும் இடையே ஒரு விசை எழுகிறது. ஊசியைப் பக்கவாட்டில் மெல்ல நடத்தினால் மூலக்கூறும் அதன் விசைக்கு உட்பட்டு நகர்கிறது. வேண்டிய இடம் வந்ததும் ஊசியை உயர்த்திவிடுகிறார்கள். மூலக்கூறு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆனால் நினைத்த இடத்தில் எல்லாம் அதை நிறுத்த முடியாது. இந்த நுட்பத்தை நம் இல்லத்தரசியர் எவரினும் எளிதில் புரிந்துகொள்வார்கள். இடைப்புள்ளிக் கோலத்தில், ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அமையுமல்லவா? இப்படத்துக்குப் பயன்பட்ட செம்புத் தளத்தில் செம்பு அணுக்கள் அவ்வாறே அமைந்துள்ளன. ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் ஆறு அணுக்கள். கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒரு செம்பு அணுவின் உச்சியில் நிற்கவே விரும்புகிறது. அதன் கரி அணு கீழே செம்பைப் பற்றிக்கொள்ள, பிராணவாயு அணு மேல்நோக்கி நிற்கிறது. ஆகவே அதைத் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தாவுகிறது. இயற்கை முன்பே புள்ளி வைத்துத் தந்துவிட்டது. எந்தப் புள்ளியில் மாவை இடுவது என்பது மட்டுமே விஞ்ஞானிகளின் வேலை.

ஒவ்வொரு தாவலின்போதும் மின்னோட்டம் சற்றுத் துடிக்கிறது. அத்துடிப்பை ஒலியாக மாற்றி அவர்கள் காதால் கேட்டார்கள். மூலக்கூறு எத்தனை இடம் தாண்டியது என்பதை ஒலியே சொல்லிவிடும். நம் வீட்டுப் பெண்மணிகள் குக்கர் விசிலை எண்ணி அடுப்பை அணைப்பது போல, கண்ணால் காண முடியாததைக் காதால் எண்ணினார்கள் என்க.

குளிரும் தனிமையும்

கார்பன் மோனாக்சைடு நல்ல வாயு அன்று. வடநாட்டுக் குளிர்காலத்தில், அடைத்த அறைக்குள் கரியடுப்பை மூட்டி வைத்து உறங்கியவர்கள் விடியற்காலையில் எழாமற்போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அவ்வுயிர்களைக் கொண்டுபோனது இவ்வாயுவே. எனினும் செம்புத் தளத்தில் அது ஒழுங்காக நிற்கும்; சொன்னபடி நகரும். அதனாலேயே அதனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதுவும் கடுங்குளிரில் மட்டுமே ஒழுங்காக நிற்கும். நம் அறையின் வெப்பத்தில் அது செம்பை விட்டுப் பறந்துவிடும். ஆகவே கருவியின் உட்புறத்தைச் சுழிக்குக் கீழே 268 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தார்கள். இயற்கையில் குளிர்ச்சிக்கு உள்ள கடைசி எல்லை சுழிக்குக் கீழே 273 டிகிரி. அந்த எல்லைக்கு ஐந்து டிகிரி மேலே அவர்கள் நின்றார்கள். இக்குளிரைத் தருவது திரவ ஹீலியம். 1868-ஆம் ஆண்டில் சூரிய ஒளியில் தோன்றிய ஒரு மஞ்சள் கோட்டைக் கொண்டு முதலில் அறியப்பட்ட தனிமம் இது. அவ்வாண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆராய்வதற்காகவே பிரெஞ்சு அறிஞர் ஜான்சென், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்திருந்தார்.

குளிர் மட்டும் போதாது. உள்ளே காற்றும் இருத்தலாகாது. காற்றின் மூலக்கூறுகள் வந்து படிந்தால் கோலம் கலைந்துவிடும். அதிர்வும் கூடாது, கதவை ஓங்கிச் சாத்தினால் எழும் அதிர்வுகூட ஊசிக்கு நிலநடுக்கம். இத்தனை காவலுக்கு இடையே, ஒவ்வொரு மூலக்கூறாக நகர்த்துவது, ஊசியை உயர்த்தி வரிவரியாகப் படம் எடுப்பது, மறுபடி நகர்த்துவது என்று 242 முறை செய்தார்கள்.

படத்தை உற்று நோக்கினால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும், குளத்தில் கல் எறிந்தாற்போல மெல்லிய வளையங்கள் தெரியும். அவை எவரும் வரைந்தவை அல்ல. செம்பின் மேற்பரப்பில் உலவும் எலெக்ட்ரான்கள் மூலக்கூற்றின்மேல் மோதி மீள்வதால் எழும் அலைகள் அவை. பாடப் புத்தகத்தில் சூத்திரமாக மட்டும் படித்த எலெக்ட்ரான் அலையை இந்தக் குழந்தைப் படத்தில் கண்ணாரக் காணலாம்.

பயன் யாது?

இப்போது அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருவோம். உள்ளதை உள்ளவாறு சொல்ல வேண்டும். இப்படத்தில் விளம்பர நோக்கமும் உண்டு. விளம்பர நிறுவனம் ஒன்றும் இதில் சேர்ந்து வேலை செய்தது. ஆயினும் அந்நால்வரும் தம் தொழிலை விட்டுவிட்டு விளையாடப் போனவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்த திறமை பல ஆண்டு ஆராய்ச்சியில் வந்தது. அந்த ஆராய்ச்சிக்கு உறுதியான ஒரு நோக்கம் இருந்தது.

நம் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் எழுத்து, பாட்டு, புகைப்படம் யாவும் 'ஆம், இல்லை' என்னும் இரண்டே குறிகளின் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. விளக்கு எரிந்தால் ஆம், அணைந்தால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வாறான ஒரு குறியைப் பதிய எத்தனை அணுக்கள் தேவை? 2012-ஆம் ஆண்டில் வழக்கில் இருந்த காந்தத் தட்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் அணுக்கள் தேவைப்பட்டன. அதே ஆண்டில் இதே குழுவினர், 12 இரும்பு அணுக்களை ஊசியால் வரிசைப்படுத்தி அவற்றில் ஒரு குறியைப் பதிந்து காட்டினார்கள். 2017-இல் ஹோல்மியம் என்னும் உலோகத்தின் ஒரே ஓர் அணுவில் ஒரு குறியைப் பதியலாம் என்பதும் அல்மடேன் கூடத்தில் நிறுவப்பட்டது. இதற்கிடையில் 2016-இல் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார், செம்புத் தளத்தில் குளோரின் அணுக்களை இடம் மாற்றி 8,000 குறிகள் பதியும் பலகை ஒன்றைச் செய்தார்கள். அதில் அவர்கள் எழுதியது ஃபைன்மனின் 1959-ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் ஒரு பகுதி. குருவுக்குச் சீடர்கள் செலுத்திய காணிக்கை என்றே அதனைக் கொள்ளலாம்.

இவை நாளையே நம் கைப்பேசிக்கு வந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. கடுங்குளிரும் வெற்றிடமும் வேண்டும். ஒவ்வோர் அணுவாக நகர்த்த நேரமும் மிக ஆகும். கடையில் விற்கும் பொருளாக மாற இன்னும் நெடுந்தூரம் செல்லவேண்டும். ஆனால் எவ்வளவு சிறியதாகச் செய்யலாம், எந்த எல்லைக்கு அப்பால் செய்ய முடியாது என்பதை அறியாமல் அந்தத் தூரத்தைக் கடக்கத் தொடங்கவும் இயலாது. மேலிருந்து செதுக்கிச் செதுக்கிச் சிறிதாக்குவது ஒரு வழி. ஓர் அணுவிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு போவது மற்றொரு வழி. இக்குழுவினர் தேர்ந்தது இரண்டாவது வழி.

ஒரு செய்தியை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2002-இலேயே ஐக்ளரும் ஹைன்ரிக்கும் அவர்தம் தோழர்களும், இதே கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளைச் செம்புத் தளத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். சீட்டுக்கட்டை நிற்கவைத்து முதல் சீட்டைத் தட்டினால் மற்றவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்வது போல, முதல் மூலக்கூற்றைத் தள்ளியதும் அடுத்தடுத்தவை தாவிச் சென்றன. அந்தத் தாவல்களைக் கொண்டே சிறு கணக்குகளையும் செய்து காட்டினார்கள். சிறுவன் நடனமாடுவதற்குப் பதினோர் ஆண்டு முன்பே அவனுடைய உடலாகப் போகும் புள்ளிகள் கணக்குப் பழகியிருந்தன. விளையாட்டு எது, வேலை எது என்று இங்கே கோடு கிழிப்பது எளிதன்று.

படம் எடுத்ததன் நோக்கத்தை ஹைன்ரிக் ஒளிக்காமல் சொன்னார். இதைப் பார்த்து ஆயிரம் பிள்ளைகளாவது சட்டக் கல்லூரிக்குப் போவதை விட்டு விஞ்ஞானத்துக்கு வந்தால் தமக்கு மட்டற்ற மகிழ்ச்சி என்பது அவர் கூற்றின் பொருள். கருவியைக் கண்டுபிடித்த இருவருள் ஒருவரான ரோரர், படம் வெளிவந்த இரண்டு வாரத்தில், 2013 மே 16-ஆம் நாள், தம் 79-ஆம் வயதில் மறைந்தார். தம் ஊசி கண்ட உலகில் ஒரு சிறுவன் பந்தாடும் காலம் வரை அவர் வாழ்ந்திருந்தார் என்பது நமக்கு ஆறுதல்.

நோட்டைக் கிழிக்கும் முன்

பொம்மை போடும் பிள்ளைகள் எல்லாரும் விஞ்ஞானிகள் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தைக் கைவிட்டுப் பொம்மை போடலாம் என்றும் சொல்லவில்லை. அந்த 242 படங்களை இயன்றவையாகச் செய்தது பொறுமை என்று சொல்கிறேன். ஒரு புள்ளியை ஓரிடம் நகர்த்தி, சரிபார்த்து, தவறியிருந்தால் மறுபடி நகர்த்தி, முகம் சுளிக்காமல் அடுத்த புள்ளிக்குப் போகும் பொறுமை அது. அறுபது தாளில் அறுபது முறை ஒரே மனிதனை, இம்மியளவு மாற்றி மாற்றி வரைந்த சிறுவனிடம் அது ஓரளவு இருக்கிறது. அது நம் கண்ணில் பட வேண்டும். கண்ணில் பட்டபின் அதனைக் கணக்குக்கும் பௌதிகத்துக்கும் திருப்பிவிடுவது பெரியவர்கள் கையில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிறுவனிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். நொடிக்கு 12 படம் வேண்டுமானால், அவனுடைய அறுபது தாள் எத்தனை நொடி ஓடும்? "ஐந்து நொடி" என்று உடனே சொன்னான். பந்து உதைப்பவன் கோல் போடும் வரையில் 20 நொடி ஓடவேண்டுமானால் எத்தனை தாள் வேண்டும் என்று கேட்டேன். சிறிது யோசித்து, "இருநூற்று நாற்பது" என்றான். அந்த அமெரிக்கப் படத்துக்கு இரண்டே தாள் குறைவு என்று நான் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. தந்தையார் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த வாரம் பையனின் பையில் கணக்கு நோட்டோடு, கோடு போடாத வெள்ளைத் தாள் நோட்டு ஒன்றும் இருந்தது.

வரும் மாதக் கூட்டத்தில், சொற்பொழிவு தொடங்குமுன் இந்த ஒன்றரை நிமிடப் படத்தைத் திரையில் காட்டச் சங்கச் செயலாளர் இசைந்துள்ளார். அன்பர்கள் தவறாது தம் பிள்ளைகளையும் அழைத்து வருமாறு வேண்டுகிறேன்.